கல்யாண போட்டோகிராபரின் இரண்டாவது கேமரா

கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மணமேடையைச் சுற்றி நிற்கிற எல்லோர் கையிலும் அட்சதை இருக்கும். ஒரே ஒருவர் கையில் மட்டும் இருக்காது. அவர் கழுத்தில் ஒரு கேமரா தொங்கும், தோளில் இன்னொன்று. பார்க்கிறவர்கள் "ரெண்டு கேமரா வெச்சிருக்காரே, பெரிய ஆள் போலிருக்கு" என்று பேசிக்கொள்வார்கள். பெண் வீட்டாருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அந்த இரண்டாவது கேமராவை அவர் தோளில் மாட்டிவிட்டது பயம். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது தென்னேரி. பெரிய ஏரியால் பெயர் பெற்ற ஊர். திரையன் ஏரி என்பதுதான் மருவித் தென்னேரி ஆயிற்று என்று சொல்வார்கள். இந்த மாதிரி ஊர்களை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால்தான் இரண்டாவது கேமராவின் அருமை புரியும். சென்னையில் ஒரு மண்டபத்தில் கேமரா மக்கர் செய்தால், ஆட்டோ பிடித்துப் போய் இன்னொன்றை இரவல் வாங்கி வர ஒரு வாய்ப்பாவது உண்டு. ஏரிக்கரை ஊரில், விடிகாலை நாலரைக்கு ஆறு முகூர்த்தத்தில், வாசலில் போட்ட பந்தலில் நிற்கிறவர் எங்கே ஓடுவார்? முதல் பஸ்ஸே வந்திருக்காது. ஐயர் "நேரமாச்சு, பொண்ணைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டால் யாருக்காகவும் எதுவும் நிற்காது.

கேமராவிடம் போன கல்யாணம்

புகைப்படக்கலை சென்னைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1839இல் பாரிஸில் டாகெரோடைப் முறையை உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த 17 ஆண்டுகளில், அதாவது 1856இல், மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கிவிட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். ஆனால் கோயிலைப் படம் எடுப்பது வேறு, கல்யாணத்தைப் படம் எடுப்பது வேறு. கோபுரம் அசையாமல் நிற்கும். கல்யாண வீட்டில் அசையாமல் நிற்பது பந்தக்கால் மட்டும்தான்!

அதனால் முதலில் நடந்தது தலைகீழான விஷயம். கேமரா கல்யாணத்துக்கு வரவில்லை, கல்யாண ஜோடி கேமராவைத் தேடிப் போனது. தாலி கட்டி, விருந்து முடிந்து, நாலைந்து நாள் கழித்துப் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போவார்கள். பின்னால் தூணும் தோட்டமும் வரைந்த திரை. ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் பக்கத்தில் நிற்பார். பெரிய மரக் கேமரா, கண்ணாடித் தகடு, கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்ட ஸ்டூடியோக்காரர். கண்ணை மூடிவிட்டால் இன்னொரு தகடு போட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மறுபடி எடுக்க முடியும் என்கிற அந்த வசதி இருந்தவரை இரண்டாவது கேமராவுக்கு அவசியமே வரவில்லை.

இந்தப் பழைய ஸ்டூடியோப் படங்களில் ஒரு பகுதியையாவது இன்று பார்க்க முடிவதற்குப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பேர் எடுத்துக்கொண்ட படங்களில் எத்தனை குப்பைக்கும் கரையானுக்கும் போயின என்று நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

பன்னிரண்டே படங்கள்

கேமராவைக் கல்யாண வீட்டுக்குள் கொண்டுவந்தவை இரண்டு: சுருள் பிலிமும் பிளாஷும். ஜெர்மனியின் ரோலைபிளெக்ஸ் 1929இல் வெளிவந்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் வழியே குனிந்து பார்க்க வேண்டும், கீழ் லென்ஸ் படம் பிடிக்கும். பிறகு ஜப்பானிலிருந்து யாஷிகா அதே வடிவத்தில் குறைந்த விலையில் வந்தது. 1958இல் வந்த யாஷிகா 635, 1970இல் வந்த யாஷிகா மேட் 124ஜி எல்லாம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். இன்றும் பல ஸ்டூடியோக்களின் கண்ணாடி அலமாரியில் இதில் ஒன்று கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் கேமராக்களில் போடுவது 120 பிலிம். சதுரப் படமாக எடுத்தால் ஒரு ரோலில் 12. பன்னிரண்டு முடிந்ததும் பின்பக்கத்தைத் திறந்து, முடிந்த ரோலை எடுத்துக் காகிதத்தை ஒட்டி, புதிய ரோலைப் போட்டு, அம்புக்குறி சரியான இடத்துக்கு வரும்வரை சுற்றி, மூடி, மறுபடி சுற்ற வேண்டும். பழகிய கைக்கே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும்.

இப்போது மேடையைப் பாருங்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல குடும்பங்களில் வழக்கம். எல்லாம் சேர்த்து அரை நிமிடம் ஆனால் அதிகம். பதினொன்றாவது படம் எடுத்த நிலையில் கெட்டிமேளம் கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அனுபவசாலிகள் ரோலில் மூன்று நான்கு படம் மீதி இருக்கும்போதே அதைக் கழற்றிவிட்டுப் புது ரோல் போட்டுக்கொண்டு மேடையேறுவார்கள். பிலிம் விலை விற்ற விலைக்கு இது கையைக் கடிக்கிற வேலை. இன்னொரு வழி, ரோல் போட்டுத் தயாராக இன்னொரு கேமரா.

பிளாஷ் தனிக் கதை. 1930 வாக்கில் வந்த பிளாஷ் பல்புகள் ஒரு படத்துக்கு ஒன்று என்று எரிந்து போகும். சூடான பல்பைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். பிறகு வந்த எலெக்ட்ரானிக் பிளாஷ் அந்தத் தொல்லையை ஒழித்தது, ஆனால் காத்திருப்பை ஒழிக்கவில்லை. நாலு பென்சில் பேட்டரி போட்ட சாதாரண பிளாஷ் ஒரு முறை பளிச்சிட்ட பிறகு, "கொய்ங்..." என்று மெல்லிய சத்தத்தோடு சார்ஜ் ஏறி, பின்னால் அந்தச் சின்ன விளக்கு எரிவதற்குள் பல விநாடிகள் ஓடிவிடும். பேட்டரி தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். முதல் முடிச்சில் பளிச்சிட்டால் மூன்றாவது முடிச்சுக்குத்தான் மறுபடி தயாராகும். இரண்டாவது கேமராவில் தனியாக ஒரு பிளாஷ் இருந்தால் இந்த இடைவெளி பாதியாகிறது. வெறும் கணக்குதான், வேறு ரகசியம் எதுவும் இல்லை.

சுயமரியாதைத் திருமணங்களில் இந்தக் கணக்கே மாறிவிடும். 1967இல் அண்ணா அரசு இந்தத் திருமணங்களைச் செல்லுபடியாக்கச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே மந்திரத்தை வைத்து நேரம் கணிக்க முடியாது. தலைவர் பேசி முடித்துத் தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டும். தலைவர் எப்போது முடிப்பார் என்பது தலைவருக்கே தெரியாது! அந்த ஒரு படம் இல்லாவிட்டால் ஆல்பத்தைக் கையால் தொட மாட்டார்கள்.

கழுத்தில் கருப்பு வெள்ளை, தோளில் கலர்

1970களின் கடைசியிலும் 80களிலும் இரண்டாவது கேமராவுக்குப் புதிதாக ஒரு காரணம் வந்தது: கலர். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. இந்து என்றால் சந்திரன். (அந்த ஆலை இப்போது மூடப்பட்டுவிட்டது. நீலகிரியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை.) கருப்பு வெள்ளையை உள்ளூர் ஸ்டூடியோக்காரர் தன் இருட்டறையிலேயே கழுவிப் பிரிண்ட் போட்டுவிடுவார். கலர் பிலிமோ வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அதிகம். கழுவுவதற்குப் பெரிய ஊரில் இருக்கிற லேபுக்கு அனுப்ப வேண்டும்.

எனவே குடும்பங்கள் ஒரு சமரசத்துக்கு வந்தன. "கருப்பு வெள்ளையில முழுக்க எடுத்துடுங்க, முக்கியமானது மட்டும் கலர்ல போதும்." ஒரு கேமராவில் பாதி ரோல் எடுத்துவிட்டு பிலிமை மாற்ற முடியாது, ஆகவே இரண்டு கேமரா. அந்தக் கால ஆல்பங்களைப் புரட்டினால் இது அப்படியே தெரியும். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, பந்தி எல்லாம் கருப்பு வெள்ளை. தாலி கட்டும்போது திடீரென்று வண்ணம் பிறக்கும். பிறகு மறுபடி கருப்பு வெள்ளை. கலர் கேமரா பெரும்பாலும் 35 எம்எம். ஒரு ரோலில் 36 படம்.

இந்த 35 எம்எம் உலகத்தில் கல்யாண போட்டோகிராபர்களின் அம்பாசிடர் கார் என்று ஒன்றைச் சொல்வதானால் பென்டாக்ஸ் கே1000தான். 1976இலிருந்து 1997 வரை இந்த மாடல் தயாரிக்கப்பட்டது. பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும். இவ்வளவு நம்பகமான கேமராவிலும் இரண்டு பொறிகள் இருந்தன.

ஒன்று, ஷட்டர் வேகம். பிளாஷ் போட்டு எடுக்கும்போது 60க்கு மேல் போகக்கூடாது. அவசரத்தில் டயல் 125க்கோ 250க்கோ நகர்ந்துவிட்டால், படத்தின் ஒரு பகுதி பட்டையாகக் கருப்பாகிவிடும். மாப்பிள்ளை இருப்பார், பெண் இருக்க மாட்டார்.

இரண்டாவது பொறிதான் கொடூரமானது. பிலிமின் நுனி உள்ளே இருக்கும் உருளையில் சரியாக மாட்டாவிட்டால், லீவரைச் சுற்றச் சுற்ற எண்ணிக்கை மட்டும் 1, 2, 3 என்று ஏறும். பிலிம் நகரவே நகராது. சத்தம் சரியாகக் கேட்கும், பிளாஷ் சரியாகப் பளிச்சிடும், மாமன் மச்சான் எல்லாம் சிரித்தபடி நிற்பார்கள். 36 தாண்டி 37, 38 என்று போகும்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஒரு கல்யாணமே பதிவாகாமல் போயிருக்கும். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் லீவரைச் சுற்றும்போதெல்லாம் இடதுபக்கத்து ரீவைண்ட் குமிழ் சேர்ந்து திரும்புகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மேடையில் போட்டோகிராபர் மணமக்களைவிடக் கேமராவையே அதிகம் பார்த்தது இதற்குத்தான்.

அப்படி ஒரு விபத்து நடந்தால் இரண்டாவது கேமராவில் இருக்கும் எட்டுப் பத்துப் படங்கள்தான் மானத்தைக் காப்பாற்றும். ஊர்ப்பக்கத்துத் தொழில் முழுக்க வாய்வார்த்தையில் ஓடுவது. தென்னேரியில் ஒரு கல்யாணம் கெட்டுப்போனால் வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும் அடுத்த முகூர்த்தத்துக்குள் செய்தி போய்விடும். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, ஆல்பம் சரியில்லை, வீடியோ தரவில்லை என்று வழக்குப் போட்டவர்களும் இந்தியா முழுக்க உண்டு. ஆனாலும் கோர்ட்டைவிடப் பெண்ணின் அப்பா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் கஷ்டம். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த அரை நிமிடத்தை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

யோசித்துப் பார்த்தால் இதே பயத்தோடு வேலை செய்த இன்னொரு கூட்டம் போர்க்கள போட்டோகிராபர்கள். 1944 ஜூன் 6ஆம் தேதி நார்மண்டி கடற்கரையில் அமெரிக்கப் படைகளோடு இறங்கிய ராபர்ட் காபா, இரண்டு காண்டாக்ஸ் கேமராக்களைக் கொண்டுபோனார். குண்டு மழையில் நின்று பிலிம் மாற்ற முடியாது. கல்யாணத்தையும் போரையும் ஒப்பிடுவது அபசகுனம் என்று யாராவது சொல்லலாம். ஆனால் "இன்னொரு தடவை செய்யுங்கள்" என்று சொல்ல முடியாத இரண்டு இடங்கள் இவை.

மூன்றாவதாக வந்த வெளிச்சம்

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் கலர் தொலைக்காட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கல்யாண வீடுகளில் வீடியோ நுழைந்தது. தோளில் தூக்கிவைக்கும் பானசோனிக் எம்3000, எம்9000 கேமராக்கள், முழுசாக வி.எச்.எஸ். கேசட், பின்னாலேயே ஒயரை இழுத்துக்கொண்டு ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு பையன். அந்த வெளிச்சத்தின் சூட்டில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி வேர்வையில் வழுக்கும். புகைப்படக்காரருக்கும் வீடியோக்காரருக்கும் மேடையில் இடச்சண்டை தொடங்கியது அப்போதுதான். ஹாலஜன் மஞ்சள் வெளிச்சம், கலர் பிலிம் பகல் வெளிச்சத்துக்கு ஏற்றது. பிளாஷ் எட்டாத இடமெல்லாம் படத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வரும்.

வீடியோ வந்த பிறகு புகைப்படக்காரர் இரண்டாவது கேமராவைக் கழற்றி வைத்திருக்கலாம். எப்படியும் எல்லாம் கேசட்டில் ஓடுகிறதே! ஆனால் யாரும் கழற்றவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவது ஆல்பம்தான், கூடத்துச் சுவரில் மாட்டுவதும் போட்டோதான்.

டிஜிட்டல் வந்தபோது இனிமேல் ஒன்றே போதும் என்று பலர் நினைத்தார்கள். நிகான் டி70 வந்தது 2004இல். ரோல் மாற்ற வேண்டாம். எடுத்த படம் அப்போதே பின்னால் தெரிகிறது. பிலிம் மாட்டவில்லை என்ற பேச்சே கிடையாது. ஆனால் பழைய பயம் போன இடத்தில் புதிய பயம் குடிவந்தது. மெமரி கார்டு. ரோல் கெட்டால் 12 படம் அல்லது 36 படம் போகும். கார்டு கெட்டால் கல்யாணமே போகும். ஒரு கூடையில் எல்லா முட்டையும் என்பார்களே, அதைச் சின்னப் பிளாஸ்டிக் துண்டில் செய்து கொடுத்தார்கள். கேமராவுக்குள்ளேயே இரண்டு கார்டு போட்டு, ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் பதிகிற வசதி இதற்காகத்தான் வந்தது. 2018இல் நிகான் தன் இசட்6, இசட்7 கேமராக்களை ஒரே கார்டு இடத்தோடு வெளியிட்டபோது கல்யாண போட்டோகிராபர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். 2020இல் வந்த அடுத்த வடிவத்தில் இரண்டு இடம் இருந்தது. உத்திரமேரூர்க்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் குடவோலைத் தேர்தல் விதிகளை 919இலும் 921இலும் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். இன்னொரு கார்டு தேவைப்படவில்லை!

இன்னொரு காரணம் லென்ஸ். குடும்பம் முழுவதையும் சேர்த்து எடுக்க அகலமானது வேண்டும், கூட்டத்துக்கு நடுவில் அழுகிற அம்மாவின் முகத்தைப் பிடிக்க நீளமானது வேண்டும். மேடையில் நின்று லென்ஸைக் கழற்றினால் ஹோமப் புகை, மஞ்சள் தூள், அட்சதை எல்லாம் திறந்த வாய்க்குள் போகும். சென்சாரில் ஒரு தூசி உட்கார்ந்தால் அடுத்த நூறு படத்திலும் அதே இடத்தில் ஒரு புள்ளி. ஆகவே ஆளுக்கு இரண்டு கேமரா, தோள் இரண்டிலும் குறுக்காகத் தோல்வார். 2010ஐ ஒட்டி "கேண்டிட்" வந்த பிறகு ஆட்களும் இரண்டானார்கள்: மேடையில் நிற்கச் சொல்லி எடுக்கிறவர் ஒருவர், சொல்லாமல் எடுக்கிறவர் ஒருவர். கணக்குப் போட்டால் வீடியோவையும் சேர்த்து ஆறேழு கேமரா. மணமக்களைப் பார்க்க வந்தவர்கள் போட்டோகிராபர்களின் முதுகைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிற நிலைமை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பதே பலருடைய எண்ணமாக இருக்கும்!

இத்தனை கேமராவில் வரும் வேடிக்கையான சிக்கல் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேமராவுக்கும் உள்ளே ஒரு கடிகாரம். எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டு நேர வரிசையில் அடுக்கும்போது, ஒரு கேமராவின் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியிருந்தால், மாப்பிள்ளை மேடைக்கு வருவதற்கு முன்பே தாலி கட்டி முடிந்திருக்கும். விவரமானவர்கள் முதல் நாள் ரிசப்ஷனுக்கு முன்பே எல்லாக் கேமராவின் நேரத்தையும் ஒரே செல்போனைப் பார்த்து ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பழைய ஆல்பங்கள் இப்போது ஸ்கேன் செய்ய ஸ்டூடியோக்களுக்கு வருகின்றன. அறுபதாம் கல்யாணத்துக்குப் பெரிய படமாகப் போட்டுத் தர வேண்டும் என்று பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். அங்கே தெரிகிறது யாருமே எதிர்பார்க்காத ஒன்று. அன்று பார்த்துப் பார்த்து, காசைக் கொட்டி எடுத்த கலர் படங்கள்தான் பல ஆல்பங்களில் கெட்டிருக்கின்றன. அந்தக் காலத்துக் கலர்த் தாளில் இருந்த சாயங்கள் நிலைக்கவில்லை; நீலப்பச்சைச் சாயம் மங்கியதும் படம் முழுக்கச் செங்கல் நிறமாகிவிடுகிறது. கழுத்தில் தொங்கிய பழைய யாஷிகாவில், "கூட நாலு இருக்கட்டும்" என்று எடுத்த கருப்பு வெள்ளையில் இருப்பதோ வெள்ளி. ஒழுங்காகக் கழுவிய பிரிண்ட் என்றால் அப்படியே நிற்கிறது. ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் முகூர்த்தப் புடவையின் சரிகைக் கட்டங்களை எண்ணிவிடலாம். நிறம் என்னவென்று மட்டும் பாட்டியைத்தான் கேட்க வேண்டும். அரக்கு என்பார்.